எல்லா டூலையும் ஓட்டிப் பார்த்தாச்சு, ஒன்றும் வரவில்லை: படத்துக்குள் ஒளிந்த செய்தியை எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். புதிர்ப் போட்டி ஒன்றில் மூடிய கதவின் படம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பிஎன்ஜி கோப்பு, 640-க்கு 480 பிக்சல், அளவு சுமார் 31 லட்சம் பைட். உள்ளே ஒரு செய்தி இருக்கிறது என்பது மட்டும்தான் தகவல். இணையத்தில் கிடைத்த பட்டியலில் இருந்த டூல்கள் அத்தனையையும் ஓட்டிவிட்டீர்கள். கோப்புக்குள் வேறு கோப்பு இருக்கிறதா என்று தேடும் பின்வாக் ‘இசட்லிப்’ என்று ஒரு வரி காட்டியது, பிரித்தெடுத்தால் குப்பை. பிக்சல்களுக்குள் செய்தி தேடும் இசட்ஸ்டெக் முப்பது நாற்பது வரி கொட்டியது. கடவுச்சொல் போட்டுச் செய்தியை ஒளிக்கவும் எடுக்கவும் உதவும் ஸ்டெக்ஹைட் முடியாது என்று கைவிரித்தது. அனுபவம் உள்ளவர்கள் இதை எப்படிப் பிடிக்கிறார்கள், இதில் முறை என்று ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் அதிர்ஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, இன்னொரு டூலின் பெயரைச் சொன்னால் உங்கள் சிக்கல் தீராது. டூல் சொல்வதில் எதை நம்பலாம், கோப்பில் எந்த இடத்தை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பதைத்தான் கேட்கிறீர்கள்.

நான் பத்து வருடத்துக்கு மேலாக இந்த மாதிரிப் புதிர்களை விடுவித்து வருகிறேன். கடைசி நாலைந்து வருடமாகச் சின்னப் போட்டிகளுக்குப் புதிர் தயாரித்தும் கொடுக்கிறேன். தயாரிக்க ஆரம்பித்த பிறகுதான் விடுவிப்பதே எனக்குப் பிடிபட்டது. ஏனென்றால் புதிர் வைப்பவர், தான் ஒளித்ததை யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர். பூட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறவர் மாதிரி. அதனால் ஏதாவது ஒரு தடயத்தை விட்டே தீருவார். அந்தத் தடயம் ‘சாதாரணக் கோப்பு இப்படி இருக்காதே’ என்று தோன்றும் இடத்தில் இருக்கும். அப்படித் தோன்ற வேண்டுமானால் சாதாரணக் கோப்பு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். உங்கள் போட்டி இன்னும் முடியாமல் இருக்கலாம் என்பதால் கோப்பை அனுப்பினாலும் திறக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே நிறையச் சொல்ல முடியும்.

உதாரணமாக, அந்த 31 லட்சம் பைட். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். 640-ஐ 480-ஆல் பெருக்கினால் 3,07,200 பிக்சல். வழக்கமான வண்ணப் படத்தில் ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். ஆக, துளிகூடச் சுருக்காமல் அப்படியே எழுதினாலும் 9,21,600 பைட்தான். பிஎன்ஜி இதைச் சுருக்கி வேறு வைக்கும், அதனால் நிஜத்தில் இன்னும் குறைய வேண்டும். சரி, அபூர்வமாக ஒரு வண்ணத்துக்கு 16 பிட், அதாவது 2 பைட், கூடவே ஒளிபுகும் தன்மைக்கு ஒரு மதிப்பு என்று தாராளமாக வைத்துக்கொண்டால் பிக்சலுக்கு 8 பைட், மொத்தம் 24,57,600. அப்போதும் ஆறு லட்சம் பைட்டுக்கு மேல் கணக்கில் இடிக்கிறது. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் படத்துக்குத் தேவையில்லாத ஏதோ ஒன்று அந்தக் கோப்பில் பெரிய அளவில் இருக்கிறது. இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை, கணக்கே சொல்கிறது. அது என்ன, எந்த இடத்தில் என்பதுதான் இனி ஊகம்.

அதற்குப் போகும் முன் உங்கள் மூன்று டூல்களின் பேச்சைப் பார்த்துவிடுவோம். பின்வாக் ‘இசட்லிப்’ என்று காட்டியது சரியே, ஆனால் அதில் செய்தி எதுவும் இல்லை. பிஎன்ஜி தன் பிக்சல்களை அந்தச் சுருக்க முறையில்தான் வைத்திருக்கிறது. பெரும்பாலும் எந்த பிஎன்ஜியைக் கொடுத்தாலும் அதே வரி வரும். நீங்கள் பிரித்தெடுத்த ‘குப்பை’ அந்தக் கதவுப் படத்தின் பிக்சல்கள். இதே போல, கேமராவில் எடுத்த ஜேபெக் படத்தைக் கொடுத்தால் பின்வாக் ‘டிஃப்’ படம் ஒன்று உள்ளே இருப்பதாகச் சொல்லும். அது எக்ஸிஃப் தகவலின், அதாவது படத்தோடு கேமரா எழுதிவைக்கும் விவரங்களின் தலைப்பு, வேறு எதுவும் இல்லை. இசட்ஸ்டெக் நூற்றுக்கணக்கான வாசிப்பு முறைகளை முயன்று, எழுத்து மாதிரியோ கோப்பு மாதிரியோ எது தட்டுப்பட்டாலும் கக்கிவிடும். இரண்டு மூன்று பைட் தற்செயலாகப் பொருந்தினாலே ‘பிஜிபி சாவி’ என்று ஆசை காட்டும். அதில் முழு வார்த்தையாக வாசிக்க முடிகிற வரியை மட்டும் மதியுங்கள். ஸ்டெக்ஹைட் விஷயம் இன்னும் எளிது. அது ஜேபெக், பிஎம்பி, வேவ், ஏயூ ஆகிய நான்கு வகைக் கோப்புகளை மட்டும் கையாளும், பிஎன்ஜியைத் தொடவே தொடாது. ஆக உங்களுக்குக் கிடைத்த மூன்று பதில்களில் இரண்டு இந்தக் கோப்பைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லவில்லை, ஒன்று வெறும் இரைச்சல்.

இப்போது கோப்பின் உடலுக்கு வருவோம். கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, மதிப்புகளைப் பதின்ம எண்ணாகப் பார்த்தால் ஒவ்வொரு பிஎன்ஜியும் 137 80 78 71 13 10 26 10 என்று தொடங்கும். நடுவில் துண்டு துண்டாகத் தகவல். ஒவ்வொரு துண்டிலும் முதலில் நீளம், அப்புறம் நான்கெழுத்துப் பெயர், அப்புறம் உள்ளடக்கம், கடைசியில் பெயரையும் உள்ளடக்கத்தையும் வைத்துக் கணக்கிட்ட 4 பைட் சரிபார்ப்பு எண். முடிவுத் துண்டில் உள்ளடக்கமே கிடையாது, அதனால் எல்லா பிஎன்ஜியும் ஒரே 12 பைட்டில் முடியும்: 0 0 0 0 73 69 78 68 174 66 96 130. படம் காட்டும் நிரல்கள் இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடும். அதன் பின்னால் ஒரு லாரி நிறையச் சரக்கு ஏற்றியிருந்தாலும் கண்டுகொள்ளாது. புதிர்களில் அதிகம் பயன்படும் இடம் இதுதான். ஜிப் கோப்பின் அமைப்பு இதற்கு நேர் எதிர். அதன் பட்டியல் கோப்பின் வாலில் இருக்கிறது, அதனால் பிரிக்கும் நிரல் பின்னாலிருந்து தேடிக்கொண்டு வரும், முன்னால் என்ன இருந்தாலும் பொருட்படுத்தாது. ஒரு படத்தின் பின்னால் ஒரு ஜிப்பை ஒட்டினால் ஒரே கோப்பு படமாகவும் திறக்கும், ஜிப்பாகவும் திறக்கும். அதில் மந்திரம் எதுவும் கிடையாது. ஒருவர் முன்னாலிருந்து படிக்கிறார், இன்னொருவர் பின்னாலிருந்து படிக்கிறார், அவ்வளவுதான்.

இந்த வால் விவகாரம் வெறும் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் ‘ஏக்ராபலிப்ஸ்’ என்ற பெயரில் வெளியான குறைபாடு இதேதான். கூகுளின் ‘பிக்சல்’ கைபேசிகளில் திரைப்பிடிப்பை, அதாவது ஸ்கிரீன்ஷாட்டை, வெட்டிச் சேமித்தால், சின்னதாகிவிட்ட புதிய படம் பழைய கோப்பின் மேலேயே எழுதப்பட்டது. ஆனால் மீதியிருந்த பழைய பைட்டுகளை யாரும் துடைக்கவில்லை. முடிவுத் துண்டுக்குப் பின்னால் பழைய படத்தின் வால் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டி எறிந்த பகுதியில் ஒரு பங்கை அதிலிருந்து மீட்க முடிந்தது. யாரும் ஒளிக்காமலே ஒளிந்துகொண்ட செய்தி.

உங்கள் கோப்பில் ஒட்டுச் சரக்கு இருந்து, அது சாதாரண ஜிப் என்றால் பின்வாக் சொல்லியிருக்கும். சொல்லவில்லை. ஆகவே ஒட்டியிருந்தாலும் முகத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். வழக்கமான முகமாற்றங்கள் இரண்டு. ஒன்று, கோப்பைத் தலைகீழாகத் திருப்பி எழுதுவது. திருப்பிய பிஎன்ஜி 130 96 66 174 என்று தொடங்கும், திருப்பிய ஜேபெக் பெரும்பாலும் 217 255 என்று. இரண்டு, எல்லா பைட்டையும் ஒரே எண்ணோடு ‘எக்ஸார்’ செய்வது, அதாவது இரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0 என்று எழுதுவது. இதற்குச் சாத்தியம் 255 எண்கள்தான், எல்லாவற்றையும் முயல ஒரு நொடி ஆகாது. முயலாமலே பார்க்க ஒரு வழி உண்டு: ஜிப் என்றால் முதல் இரண்டு பைட் 80, 75 ஆக இருந்திருக்க வேண்டும். உங்கள் முதல் பைட்டை 80-உடனும், இரண்டாவதை 75-உடனும் எக்ஸார் செய்து பாருங்கள். இரண்டு விடையும் ஒன்றாக வந்தால் அநேகமாக அதுதான் சாவி.

இன்னொரு சாத்தியம் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது. பிஎன்ஜியின் முதல் துண்டில் அகலமும் உயரமும் எண்ணாக எழுதப்பட்டிருக்கும். ஒருவர் 1600 வரிசை உள்ள படத்தை எடுத்து, உயரம் என்ற இடத்தில் 480 என்று மட்டும் திருத்திவிட்டால், காட்டும் நிரல் 480 வரிசையோடு நிறுத்திவிடும். கீழே உள்ள 1120 வரிசையும் கோப்பிலேயேதான் இருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. இதைப் பிடிப்பது சுலபம். நீங்கள் குப்பை என்று ஒதுக்கிய அந்த இசட்லிப் வெளியீட்டின் நீளத்தைப் பாருங்கள். சாதாரண வண்ணப் படத்தில் ஒரு வரிசைக்கு 640 பெருக்கல் 3, கூட ஒரு பைட், ஆக 1921. 480 வரிசைக்கு 9,22,080 வர வேண்டும். அதற்குப் பதில் 30,73,600 என்று வந்தால் 1600 வரிசை இருக்கிறது என்று பொருள். உயரத்தை மாற்றியவர் சரிபார்ப்பு எண்ணை மாற்ற மறந்திருந்தால் இன்னும் நல்லது. சரிபார்ப்பு எண் ஒத்துப்போகும் வரை உயரத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொன்னால், கணினி கண் இமைப்பதற்குள் பழைய உயரத்தைச் சொல்லிவிடும். அதையும் திருத்தி வைத்திருக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு, அவர்களிடம் வரிசைக் கணக்குதான் எடுபடும்.

துண்டுகளுக்குள் கருத்துரை எழுதும் இடங்களும் இருக்கின்றன, கேமரா தகவல்களும் இருக்கின்றன; எக்ஸிஃப்டூல் எல்லாவற்றையும் கொட்டிவிடும். இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு, என் மேலேயே. ஒரு ஜேபெக் புதிரில் இரண்டு இரவு மண்டையை உடைத்துக்கொண்டேன். பிக்சல் பிக்சலாகப் பிரித்தேன், கடவுச்சொல் லட்சக்கணக்கில் முயன்றேன். விடை எங்கே இருந்தது தெரியுமா? கேமரா வைக்கும் குட்டி முன்னோட்டப் படத்தில். பெரிய படத்தை வெட்டியவர் முன்னோட்டத்தை அப்படியே விட்டிருந்தார். வெட்டப்பட்ட ஓரத்தில் சுவரில் எழுதிய ஒரு சொல், 160 பிக்சல் அகலத்தில், கண்ணைச் சுருக்கினால் வாசிக்கலாம். எக்ஸிஃப்டூல் முதல் நாளே முன்னோட்டம் இருப்பதாகச் சொல்லியிருந்தது. நான்தான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

இனி எல்லாரும் முதலில் ஓடும் இடம், கடைசி பிட், அதாவது ஒரு வண்ண மதிப்பை 0, 1 என்று எழுதும்போது கடைசியில் வரும் இலக்கம். ஒரு பிக்சலின் சிவப்பு மதிப்பு 200 என்பது 201 ஆனால் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கடைசி பிட்டில் செய்தியின் ஒரு பிட்டை வைத்தால், பிக்சலுக்கு 3 பிட் கிடைக்கும். உங்கள் 640-க்கு 480 படத்தில் 1,15,200 பைட் வரை திணிக்கலாம், அது ஒரு சின்னப் புத்தகம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 8 பிட், அதாவது மூன்று பிக்சல் போதும். கேட்க எளிதாக இருந்தாலும் வாசிப்பதில் ஏகப்பட்ட கிளை உண்டு. மூன்று வண்ணங்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதில் 6 வழி, படுக்கையாகவா நெடுக்காகவா என்பதில் 2, பிட்டுகளை முன்னிருந்தா பின்னிருந்தா அடுக்குவது என்பதில் 2. ஆக வெறும் கடைசி பிட்டுக்கே 24 வழி. ஒரே ஒரு வண்ணம், இரண்டாவது பிட், ஒன்று விட்டு ஒரு பிக்சல் என்று போனால் முடிவே கிடையாது. அதனால் டூலை ஓட்டும் முன் கண்ணால் பாருங்கள். ஸ்டெக்சால்வ் போன்ற ஒன்றில் ஒவ்வொரு பிட் தளத்தையும், அதாவது எல்லாப் பிக்சல்களிலும் ஒரே இடத்து பிட்டை மட்டும் எடுத்து, தனிக் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்க்கலாம். வரிசையாகத் திணித்த செய்தி படத்தின் மேல் ஓரத்தில் ஒரு பட்டையாகத் தெரியும், செய்தி முடிந்த இடத்தில் பட்டையும் சட்டென்று முடியும். ஆங்கிலம் என்றால் ஒவ்வொரு எட்டாவது பிட்டும் 0 என்பதால் பட்டையில் ஒரு கோடு ஓடும். தமிழ் என்றால் இன்னும் அழகு. எழுத்துகளை பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட், முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஆக 24 பிட்டுக்கு ஒரு தரம், அதாவது 8 பிக்சலுக்கு ஒரு தரம், அதே கோலம் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. கேமராவில் எடுத்த படத்தின் கடைசி பிட் தளம் பொதுவாகவே மணல் அள்ளிப் போட்ட மாதிரிதான் இருக்கும். ‘இரைச்சலாக இருக்கிறது, ஆகவே ஏதோ இருக்கிறது’ என்று முடிவு கட்டினால் உலகத்தில் உள்ள எல்லாப் படத்திலும் ஏதோ இருக்கும். வெயிலில் வெளுத்துப்போன வானம் மாதிரி மதிப்பு 255-ஐ முட்டிய இடங்கள் தட்டையாகத் தெரியும், அதன் விளிம்பும் சந்தேகத்தைக் கிளப்பும். கணினியில் வரைந்த ஓவியம், சின்னம், திரைப்பிடிப்பு ஆகியவற்றில் மட்டும்தான் கடைசி பிட் இரைச்சல் வலுவான தடயம். புள்ளியியல் வழியும் உண்டு. 1999-ல் வெஸ்ட்ஃபெல்ட், ஃபிட்ஸ்மன் என்ற இருவர் ஒரு எளிய விஷயத்தைக் கவனித்தார்கள். கடைசி பிட்டில் தாறுமாறான தகவலைத் திணித்தால் 200-உம் 201-உம், 202-உம் 203-உம் என்று ஒவ்வொரு இணையின் எண்ணிக்கையும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும், இயற்கையான படத்தில் அப்படி ஆகாது. படம் முழுக்கத் திணித்திருந்தால் இந்தச் சோதனை அருமையாகப் பிடிக்கும். நாலு வரிச் செய்தியைப் படம் முழுக்கத் தூவியிருந்தால் கோட்டை விட்டுவிடும்.

ஜேபெக் வேறு உலகம். அது பிக்சலை அப்படியே வைப்பதில்லை. 8-க்கு 8 கட்டமாகப் பிரித்து, அலைகளாக மாற்றி, எண்களைத் தோராயமாக்கிச் சேமிக்கிறது. பிக்சலின் கடைசி பிட்டில் வைத்தது அந்தத் தோராயத்தில் செத்துப்போகும். இதை நான் கற்றது அவமானத்தில். ஒரு தடவை நான் தயாரித்த பிஎன்ஜி புதிரைக் கலந்துகொண்டவர்களுக்கு ஒரு செய்திச் செயலி வழியாக அனுப்பினேன். செயலி அதை ஜேபெக்காக மாற்றி, அளவையும் குறைத்து அனுப்பியிருக்கிறது. செய்தியே இல்லாத படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு சாயங்காலம் முழுக்கப் பாடுபட்டார்கள். அன்றிலிருந்து புதிர் கையில் வந்ததும் முதலில் கேட்பது, இது மூலக் கோப்புதானா என்று. நீங்களும் போட்டிப் பக்கத்திலிருந்து நேராக இறக்கிய கோப்பைத்தான் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஜேபெக்கில் ஒளிக்கும் நிரல்கள் அந்த அலை எண்களிலேயே வேலை செய்கின்றன, ஸ்டெக்ஹைட், அவுட்கெஸ் எல்லாம் அந்த வகை. ஸ்டெக்ஹைடிடம் தவறான கடவுச்சொல் கொடுத்தாலும், உள்ளே எதுவுமே இல்லாவிட்டாலும் ஒரே பதில்தான் வரும், அதனால் அதன் ‘இல்லை’யை நம்ப முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது ஸ்டெக்சீக். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து கசிந்த பட்டியலில் உள்ள ஒன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவான கடவுச்சொற்களைச் சில நொடிகளில் முயன்றுவிடும். அது மட்டுமில்லை, ஸ்டெக்ஹைட் இடங்களைத் தேர்வு செய்யப் பயன்படுத்தும் தொடக்க எண் 32 பிட்தான் என்பதால், சுமார் 429 கோடி வழிகளையும் முயன்று, கடவுச்சொல் தெரியாமலே ‘உள்ளே இருக்கிறது’ என்று உறுதி செய்யவும் அதனால் முடியும்.

கடவுச்சொல் என்றதும் பட்டியலை எடுத்து மோதுவதற்கு முன் புதிரின் வார்த்தைகளைப் படியுங்கள். 2012 ஜனவரியில் யாரென்று தெரியாத சிலர் இணையத்தில் வெளியிட்ட சிக்காடா 3301 புதிர் இதற்கு நல்ல பாடம். முதல் படத்தை எழுத்துக் கோப்பாகத் திறந்தால் கடைசியில் டைபீரியஸ் கிளாடியஸ் சீசர் என்ற பெயரும் புரியாத எழுத்துகளும் இருந்தன. சீசர் என்றால் எழுத்துகளை நகர்த்தும் சங்கேதம், கிளாடியஸ் நான்காவது ரோமப் பேரரசர், ஆகவே நான்கு எழுத்து நகர்த்த வேண்டும். நகர்த்தினால் ஒரு இணைய முகவரி, அதில் ஒரு வாத்துப் படம், ‘செய்தியை வெளியே எடுப்பது எப்படி என்று ஊகிக்க முடியவில்லை போலிருக்கிறதே’ என்ற கேலி. அந்தக் கேலியின் ஆங்கில வார்த்தைகளிலேயே ‘கெஸ்’, ‘அவுட்’ இரண்டும் இருந்தன. அடுத்து ஓட்ட வேண்டிய டூலின் பெயர் அவுட்கெஸ். டூல் பட்டியலை மேலிருந்து கீழாக ஓட்டியவரும் அதைக் கண்டுபிடித்திருக்கலாம்தான், ஆனால் வார்த்தையைப் படித்தவர் ஒரே எட்டில் போய்ச் சேர்ந்தார்.

தமிழில் புதிர் வைப்பவர்களும் இப்போது இருக்கிறார்கள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்ட்ரிங்ஸ் என்ற டூல் கோப்பிலுள்ள வாசிக்கத்தக்க எழுத்துகளைப் பொறுக்கிக் கொடுக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். வழக்கமான அமைப்பில் அது பொறுக்குவது நான்கு எழுத்துக்குக் குறையாத ஆங்கில வரிசைகளை மட்டும்தான். பச்சையாகத் தமிழில் விடை எழுதியிருந்தாலும் அது வாயைத் திறக்காது. ஹெக்ஸ் எடிட்டரில் 224 174 என்ற ஜோடி அடுத்தடுத்து வருகிறதா என்று தேடுங்கள். எழுத்துக் கோப்பாகவே புதிர் வந்தால் இன்னொரு இடம் உண்டு, அகலமே இல்லாத எழுத்துகள். திரையில் ஒன்றும் தெரியாது, பைட்டில் 226 128 139, 140, 141 என்று இருக்கும். இவற்றில் இரண்டை 0, 1 என்று வைத்துக்கொண்டு ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியத்தையே புதைக்கலாம். இதிலும் பொய்த்தடயம் உண்டு: ‘க்’ எழுத்தும் ‘ஷ’ எழுத்தும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தமிழில் 140-இல் முடியும் அந்தப் பிரிப்பியை நியாயமாகவே போடுவார்கள். ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள், ஐம்பது இருந்தால் எண்ணத் தொடங்குங்கள்.

ஒலிக் கோப்பு வந்தால் கேட்பதோடு நிற்காமல் ஆடாசிட்டி என்ற ஒலி நிரலில் அலைமாலைப் படமாக (ஸ்பெக்ட்ரோகிராம்) பாருங்கள். பாதிப் புதிர்கள் அதிலேயே எழுத்தாகத் தெரியும். இடது, வலது இரண்டும் ஒன்று போல ஒலித்தால் ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டுங்கள், மிஞ்சுவது செய்தி. பிடிஎஃப்பில் கறுப்புப் பட்டை போட்டிருந்தால் அதன் மேல் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள், சிரிப்பு வரும். காணொளிப் புதிர்களை நான் அதிகம் தொட்டதில்லை, அதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஒரு கோப்பில் செய்தி இருக்கிறது என்று எடுத்துக் காட்டி நிரூபிக்கலாம், இல்லை என்று நிரூபிக்க முடியாது. 2001-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ப்ரோவோஸ், ஹனிமன் இருவரும் ஈபே தளத்திலிருந்து இருபது லட்சம் படங்களை எடுத்துச் சோதித்தார்கள். அந்த ப்ரோவோஸ்தான் அவுட்கெஸ்ஸை எழுதியவரும். சோதனை ஆயிரக்கணக்கான படங்களைச் சந்தேகித்தது, கடவுச்சொல் அகராதியை வைத்து மோதியும் ஒரு செய்திகூடக் கிடைக்கவில்லை. அத்தனையும் பொய்த்தடயமா, சிலவற்றின் கடவுச்சொல் மட்டும் வலுவானதா என்பதை அந்த முடிவை வைத்துச் சொல்ல வழியில்லை. செய்தியை முதலில் நல்ல முறையில் மறையாக்கம் செய்து, பிறகு குறைந்த அளவில் தூவி வைத்தால், நான் சொன்ன எந்த வழியும் செல்லாது. சிக்காடா 2014-ல் வெளியிட்ட ரூனிக் என்ற பழைய ஐரோப்பிய எழுத்துப் பக்கங்களில் பெரும்பகுதி இன்றுவரை விடுபடவில்லை. அதில் கோப்பைப் பிளந்து பார்ப்பதெல்லாம் எப்போதோ முடிந்த கதை, சங்கேதம்தான் நிற்கிறது. போட்டிப் புதிர் அப்படி இருக்காது, விடை இருக்கிறது, யாரோ ஒருவர் அதை விடுவித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட்டிருப்பார்.

சரி, உங்கள் கதவு. கணக்கில் இடிக்கும் அந்த லட்சக்கணக்கான பைட் நான்கு இடங்களில் இருக்கலாம். முதலில் முடிவுத் துண்டின் பெயரான 73 69 78 68-ஐத் தேடி, அதற்கு அடுத்த நான்கு பைட்டோடு கோப்பு முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வாலில்தான் சரக்கு, தலைகீழாகவும் எக்ஸார் செய்தும் முயலுங்கள். முடிந்தால், துண்டுகளின் பெயரையும் நீளத்தையும் வரிசையாக எழுதுங்கள். பழக்கமில்லாத பெயரில் ஒரு பெரிய துண்டு இருந்தால் அது. ஒரே மாதிரித் துண்டுகள் எண்ணிட்டு அடுக்கடுக்காக இருந்தால் அது அசையும் பிஎன்ஜியாக இருக்கலாம், முதல் சட்டத்தை மட்டும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், பிரௌசரில் திறந்து பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் பிக்சல் துண்டுகளே மொத்த இடத்தையும் அடைத்திருந்தால் உயரத்தில்தான் விளையாட்டு. அதற்கு ஹெக்ஸ் எடிட்டர் திறக்கும் முன்பே ஒரு காரியம் செய்யலாம். கதவின் படத்தில் நிலைப்படி தெரிகிறதா, இல்லை கதவு பாதியிலேயே வெட்டுப்பட்டு நிற்கிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டு நின்றால், அந்தக் குப்பையின் நீளத்தை 1921-ஆல் வகுப்பதிலிருந்து தொடங்குங்கள்.